வழவழப்பான பக்கம்

பெண் முகம் இருக்கிற பக்கம் மேலேயா, கீழேயா? அது மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் வருகிறது. அவர் குளிக்கப் போனது, தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டதும் நான் பீரோவைத் திறந்தது, நீல வெல்வெட் டப்பாவின் மூடி தெருவுக்கே கேட்கிற மாதிரி டப்பென்று திறந்தது, காசை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடியது, பால் பாட்டில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்திலேயே அதையும் போட்டது, இடுக்கியால் எடுத்து ஊதி ஊதி ஆறவைத்தது, பட்டுவின் தொப்புள்மேல் வைத்து அவருடைய பழைய வேட்டித் துணியால் சுற்றி முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டது. எல்லாம் வரிசையாக வருகிறது. வைத்தபோது எந்தப் பக்கத்தை வயிற்றில் வைத்தேன் என்ற இடம் வந்ததும் அழிந்துபோகிறது. அந்த நேரம் பார்த்துக் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அதுதான் காரணம். வழவழப்பான பக்கம்தான் கீழே இருக்கவேண்டும். அதற்காகத்தானே அந்தக் காசையே எடுத்தேன். அப்படித்தான் வைத்திருப்பேன். வைத்திருப்பேனா? இப்போது பட்டு என் மடியில் தூங்குகிறாள். முடிச்சு அவள் முதுகுக்கும் என் தொடைக்கும் நடுவில் இருக்கிறது. என் இடது கால் மரத்து, யாரோ ஒருத்தர் கால் மாதிரி கிடக்கிறது. கூடத்தில், இந்தக் காசைப் பார்ப்பதற்கென்றே சென்னையிலிருந்து வந்தவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. இன்றைக்குச் சனி. வாலாஜாவில் ஒரு கல்யாணமாம், சாப்பாடு முடிந்ததும் அப்படியே ராணிப்பேட்டைக்கும் ஓர் எட்டு வந்துவிட்டாராம், பழங்காசு அசலா நகலா என்று பார்த்துச் சொல்கிற அந்த அருளானந்தம் சார். கூடவே ஏகாம்பரமும். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், இங்கே நாணயச் சங்கத்துக்குச் செயலாளர். என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிறது. பொத்தான் சார் என்றுதான் கூப்பிடுகிறார். திருஞானம் என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள், தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் எல்லாரும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ஓய்வு பெற்று இந்தச் சங்கத்தில் சேர்ந்தவுடன் பொத்தான் ஆகிவிட்டார். பாலாற்றங்கரையில் ஓர் அமெரிக்க டாக்டரம்மா இருந்த பங்களாவில் பழைய சாமான்களை ஏலம் போட்டபோது எல்லாரும் நாற்காலி, கடிகாரம் என்று எடுக்க, இவர் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பொத்தான்களுக்கு நடுவில் கிடந்ததுதான் இது. செம்பு. எட்டணாவைவிடப் பெரிசு, நல்ல கனம். ஒரு பக்கம் தலைமுடியை விரித்துப்போட்ட ஒரு பெண், தலைக்கு மேல் இங்கிலீஷ் எழுத்து. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, மொட்டை. காசென்றால் இரண்டு பக்கமும் இருக்கும், மொட்டையாக இருந்தால் அது பொத்தான் என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார். சங்கத்தில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி இவர் சாப்பிடவில்லை. நான் பண்ணிய குழம்பில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து நானும் சாப்பிடவில்லை.

அது என்ன என்று எனக்கு விளக்கியிருக்கிறார், நான் கேட்காமலே. அமெரிக்கா புதிதாக நாடான காலத்தில் அவர்களுக்கென்று சொந்தக் காசு இல்லையாம். கண்ட நாட்டுக் காசையும் வைத்துக்கொண்டு கத்திரிக்காய் வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் நமக்கென்று ஒன்று வேண்டாமா என்று தோன்றி, இரும்பில் அச்சு வெட்டியிருக்கிறார்கள். வெட்டுகிறவன் பாதியில் நிறுத்தி, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு செம்புத் துண்டில் அச்சை வைத்து ஓங்கி அடிப்பானாம். சும்மா பார்க்கத்தானே, ஒரு பக்கம் போதும். பார்த்துவிட்டு மூக்கு சரியில்லை, கழுத்து நீளம் என்று மறுபடி வெட்டுவான். நான் முறுக்கு சுடும்போது முதலில் ஒன்றைப் பிழிந்து போட்டு உப்பு பார்ப்பேனே, அதுதான். நான் அந்த முதல் முறுக்கைத் தின்றுவிடுகிறேன். அங்கே அதை எடுத்து வெல்வெட்டில் வைத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகக் காப்பாற்றுகிறார்கள். "விரல் படக்கூடாது, சகுந்தலா. ஓரத்தை மட்டும் பிடிக்கணும். வேர்வை பட்டா செம்பு கறுத்துடும்" என்று என் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். வேர்வைக்கே கறுக்கும் என்றால் கொதிக்கிற தண்ணீருக்கு என்ன ஆகும்? இடுக்கியால் எடுத்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. அழுக்கெல்லாம் போய் அந்தப் பெண்ணுக்கு மூக்கும் உதடும் தெளிவாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவம், எத்தனை வருஷத்து அழுக்கு. அப்படியென்றால் அப்போது முகம் என்னைப் பார்த்து இருந்திருக்கிறது. முகம் என்னைப் பார்த்து இருந்தால் மொட்டைப் பக்கம் கீழே. ஆனால் ஊதி ஆறவைக்கத் திருப்பித் திருப்பி ஊதினேனே.

"இது கும்பினிக் காசு சார். இது டச்சுக்காரன் பழவேற்காட்டுல புழங்கினது" என்று கூடத்தில் இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். நல்லதைக் கடைசியில் காட்டுவது இவர் பழக்கம். கல்யாணத்தில் பாயசத்துக்கு அப்புறம் பீடா கொடுக்கிற மாதிரி. "அது கெடக்கட்டும், மெயின் அயிட்டத்த எடுங்க பொத்தான் சார்" என்று ஏகாம்பரம் சொல்கிறார். இவரும் சிரிக்கிறார், இன்றைக்கு ஒரு நாள் சிரித்துக்கொள் என்கிற மாதிரி. பாவி மனுஷன், இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இவர்கள் திடுதிப்பென்று வந்த அவசரத்திலும் இரண்டு தடவை முகம் கழுவினார். "சகுந்தலா, மூணு காப்பி!" என்று குரல் வருகிறது. பதில் சொன்னால் பட்டு எழுந்துவிடுவாள். பட்டு என்பது நான் கூப்பிடுகிற பெயர். இதழினி என்று வைத்திருக்கிறார்கள், வாய் நிறைய வரவில்லை எனக்கு. என் தங்கை ஹேமலதாவின் பெண். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கி, நாற்பது தாண்டிப் பிறந்தவள். ஹேமா கூட்டுறவு வங்கிக்குப் போகும்போது காலையில் என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். எனக்குக் குழந்தை இல்லை என்பதால் இரக்கப்பட்டு விடுகிறாள் என்று தெருவில் ஒருத்தி சொன்னாள். அவள் வீட்டுப் பக்கம் நான் இப்போது போவதில்லை. இரக்கமோ என்னவோ, பால் பாட்டில் சத்தம் கேட்டால் பட்டு என் பக்கம்தான் தலையைத் திருப்புகிறாள்.

ஹேமா விட்டுவிட்டுப் போவது சரி, கூடவே சட்டத்தையும் விட்டுவிட்டுப் போகிறாள். மை வைக்காதே, அக்கா. பவுடர் மூக்கில் போகும், போடாதே. வசம்பு வேண்டாம், சாம்பிராணி வேண்டாம், காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டாதே. எல்லாம் போனில் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். தொப்புள் விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தினாள். பட்டுவுக்குத் தொப்புள் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, அழும்போது சின்ன கோலிக்குண்டு மாதிரி வந்து நிற்கிறது. ஒரு காசை வைத்துக் கட்டினால் உள்ளே போய்விடும் என்று நான் சொன்ன அன்றைக்கு, "தானா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. காசு கீசு வச்சேன்னு தெரிஞ்சுது, அப்புறம் குழந்தைய கிரெஷ்ல விட்டுடுவேன் அக்கா. சொல்லிட்டேன்" என்றாள். கிரெஷ் என்றால் எனக்குத் தெரியும். பெரியார் நகரில் மஞ்சள் சுவரில் யானை வரைந்த வீடு, வாசலில் நின்றால் ஒரே சமயத்தில் பத்துக் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். யார் எதற்கு அழுகிறது என்று எவளுக்குத் தெரியும்? பட்டு பசிக்கு ஒரு மாதிரி அழுவாள், தூக்கத்துக்கு ஒரு மாதிரி அழுவாள், ஈரத்துக்கு அழவே மாட்டாள், வெறும் முனகல்தான். அதையெல்லாம் அந்த யானைக்கு யார் சொல்லுவார்கள்? ஆனால் ஒன்று, போன வாரம் ஹேமா குளிப்பாட்டும்போது கதவிடுக்கில் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கட்டைவிரலை அந்தத் தொப்புள்மேல் வைத்து லேசாக அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்ததும் திரும்ப வந்துவிட்டது. அவள் முகம் வாடிப்போனது. அவளுக்குத் தெரியாது, அவள் தொப்புளும் இப்படித்தான் இருந்தது. அவள் பிறந்ததும் அம்மா படுக்கையில் விழ, எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. ஒரு ஜார்ஜ் ராஜா காசை வைத்துக் கட்டிக் கட்டி அவள் தொப்புளை உள்ளே அனுப்பியதே நான்தான். இன்றைக்கு வங்கியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதில் ராஜாவுக்கும் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. இதை அவளிடம் சொல்ல முடியுமா?

இப்போது காசுக்கு எங்கே போவது? பத்து ரூபாய்க் காசுக்கு ஓரமெல்லாம் பல். ஒரு ரூபாய் இப்போதெல்லாம் சட்டைப் பையில் இருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு. இவர் வைத்திருக்கிற பழைய காசு ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ராணி, சிங்கம், பூ, வேல் என்று ஏதாவது குத்தும். கனமாகவும் ஒரு பக்கம் வழவழப்பாகவும் வீட்டில் இருந்தது இது ஒன்றுதான். அந்த அமெரிக்காக்காரன் இன்னொரு பக்கம் அடிக்காமல் விட்டதே பட்டுவுக்காகத்தான் என்று தோன்றியது. காலையில் கட்டி, மதியம் இவர் தூங்கும்போது அவிழ்த்து, டப்பாவில் வைத்துவிட்டால் யாருக்கு என்ன தெரியும் என்று நான்கு நாளாக நடக்கிறது. டப்பாவை நகர்த்தினால் காலியாக இருப்பது கைக்குத் தெரிந்துவிடுமே என்று, ஐயோ. ஐயோ, அதை எப்படி மறந்தேன். கனத்துக்காக ஒன்று போட்டு வைத்தேனே. அதே பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து. பெரிய கோட்டுப் பொத்தான், நாலு ஓட்டை போட்டது.

"இதோ சார்" என்று அவர் குரல் கேட்கிறது. குரலே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. டப். மூடி திறக்கிற சத்தம். மின்விசிறி கிறீச்சென்கிறது. பட்டு தூக்கத்தில் உதட்டைச் சப்புகிறாள். ஏகாம்பரம்தான் முதலில் சிரிக்கிறார், அடிவயிற்றிலிருந்து. "அடேயப்பா! நான் சும்மா வெளையாட்டுக்குத்தான்யா சொன்னேன். நெசமாவே பொத்தானா வச்சிருக்காரு! நாலு ஓட்டை, சார்! அமெரிக்கா ஜனாதிபதி கோட்டுலேர்ந்து அறுந்து விழுந்ததா இருக்கும்!" நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். பீரோ திறக்கிறது, இழுப்பறை ஒவ்வொன்றாக வெளியே வருகிறது, காசுகள் தரையில் உருள்கின்றன. "இங்கதான் சார் வச்சேன். பூட்டிதான் வச்சேன்." "பரவாயில்ல சார், இன்னொரு நாள் பாப்போம், எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று அந்தச் சென்னைக்காரர் தன்மையாகச் சொல்கிறார். தன்மையாகச் சொல்வதுதான் மோசம். அவர் ஊருக்குப் போய்ச் சொல்லுவார். ராணிப்பேட்டையில் ஒருத்தர் வெல்வெட்டில் பொத்தான் வைத்திருக்கிறார் என்று சென்னை முழுவதும் தன்மையாகச் சொல்லுவார். இவர் ஏன் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறார்? இவருக்கு எப்போதும் பதில் இருக்கும். மின்வாரியத்துக்காரனிடம், கேபிள்காரனிடம், என்னிடம், எல்லாரிடமும். பேசுங்களேன். அந்த ஆளை வெளியே போ என்று சொல்லுங்களேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது இருந்த அதே சத்தமில்லாமை.

அதே நேரம் வெளியே வாசல் கேட் இழுபடுகிறது. ஸ்கூட்டர் சத்தம். சனிக்கிழமை வங்கி அரை நாள், ஹேமா வந்துவிட்டாள். அவள் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, குழாயில் கைகால் கழுவிக்கொண்டுதான் குழந்தையைத் தொடுவாள். அதற்குள் முடிச்சை அவிழ்த்துக் காசைத் தலையணைக்கடியில் சொருகிவிடலாம். சொருகிவிட்டால் ஹேமாவுக்குத் தெரியாது, பட்டு என்னிடமே இருப்பாள். சாயங்காலம் பீரோவுக்கடியில் கிடந்தது என்று எடுத்துக் கொடுத்தால் இவருக்கும் காசு கிடைத்துவிடும். காசு கிடைக்கும். ஆனால் ஏகாம்பரம் போயிருப்பார், ரயில் போயிருக்கும், பொத்தான் மட்டும் இவரோடு கடைசி வரைக்கும் இருக்கும். மஞ்சள் சுவர் யானை ஒரு பக்கம், இவர் முதுகு ஒரு பக்கம். எதைப் பார்ப்பது? என் கால் எனக்கு முன்னால் முடிவு பண்ணிவிட்டது என்று சொல்ல ஆசைதான், அது மரத்துக் கிடந்தது. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு, பட்டுவை அணைத்துக்கொண்டு, எழுந்தேன்.

கூடத்துக்கு நொண்டிக்கொண்டே போய், "இங்க இருக்கு" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இவர் தரையில் முழங்காலிட்டிருந்தார், கையில் அந்தப் பொத்தான். "எங்க?" என்றார். பட்டுவின் சட்டையைத் தூக்கிக் காட்டி, "பின்னால முடிச்சு இருக்கு, அவுருங்க" என்றேன். அவர் பொத்தானைக் கீழே போட்டுவிட்டு முடிச்சைப் பிரித்தார். வாசலில் ஹேமா ஹெல்மெட்டோடு நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவள் இல்லை என்று ஆகிவிடாது, இருந்தாலும் பார்க்கவில்லை. துணி அவிழ்ந்தது. காசு நழுவியது. அருளானந்தம் சார் குனிந்து பிடித்தார், அந்த அவசரத்திலும் ஓரத்தைத்தான் பிடித்தார். பட்டு கண்ணைத் திறந்து, இத்தனை பேரா என்று பார்த்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எந்தப் பக்கத்தை வைத்திருந்தேன் என்று. பட்டுவின் வயிற்றில், வட்டமாக, சிவப்பாக, தலைமுடியை விரித்துப்போட்ட அந்தப் பெண். மூக்கு, உதடு, தலைக்கு மேல் எழுத்து, எல்லாம் இடம் வலம் மாறி. பட்டுவின் தொப்புள் சரியாக அவள் காதில் கம்மல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சென்னைக்காரர் காசைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, முழங்காலிட்டு, பட்டுவின் வயிற்றைப் பார்த்தார். "லைட்டப் போடுங்க" என்றார். ஏகாம்பரமே ஓடிப்போய்ப் போட்டார். "முப்பது வருஷமா அடிச்ச காசைத்தான் பாத்திருக்கேன், அம்மா. அச்சு எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கறேன். வெட்டினவன் கண்ணுக்குத் தெரிஞ்சது இப்படித்தான், மாறி, குழிஞ்சு. இந்தக் கழுத்துக்கிட்ட ஒரு கீறல் பாருங்க, உளி நழுவியிருக்கு" என்றார். பட்டு பூதக்கண்ணாடியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அதை மீட்டு, துடைத்து, அப்புறம்தான் காசைத் திருப்பினார். முகம் மாறியது. "கழுவியிருக்காங்க. யாரு?" "நான்தான். கொதிக்க வச்சேன்" என்றேன். "எதுல?" "பால் பாட்டிலோட." அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இவரிடம், "கழுவினது கழுவினதுதான், சார். அசலா, பின்னால யாராவது பண்ணின நகலான்னு எடை போட்டு, படங்களோட வச்சுப் பாத்துத்தான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். இது பொத்தான் இல்ல" என்றார். இவர் எழுந்து நின்று வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் திட்டு இருந்தது, ஆனால் அது ராத்திரிக்கு என்று எடுத்து வைத்த திட்டு. "ஏகாம்பரம், காதுல விழுந்துச்சா?" என்றார். "விழுந்துச்சு, சார்" என்றார் ஏகாம்பரம். வெறும் சார். முன்னால் ஒன்றும் இல்லை.

ஹேமா பட்டுவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் காப்பி போட்டேன். சர்க்கரை போட்டேனா என்று தெரியவில்லை, மூன்று பேரும் குடித்தார்கள். அவர்கள் போனார்கள். டம்ளரைக் கழுவினேன், கழுவியதையே மறுபடி கழுவினேன். உள்ளே அலமாரிச் சத்தம் கேட்டால் ஹேமா பட்டுவின் துணியை எடுத்து வைக்கிறாள் என்று அர்த்தம். பால் பாட்டில், பச்சைக் கொசுவலை, கிலுகிலுப்பை, எல்லாம் ஒரே பையில் அடங்கிவிடும், அவ்வளவுதான் இருக்கிறது இந்த வீட்டில் பட்டுவுடையது. கொசுவலையை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லலாமா? எதற்கு? "அக்கா, உள்ள வா" என்று குரல் வந்தது. போனேன். கட்டிலில் பட்டு மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காப் பெண் பாதி மறைந்துவிட்டாள், மூக்கும் கம்மலும் மட்டும் பாக்கி. ஹேமா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு ஏதாவது இருக்கா அக்கா மண்டையில?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "முகம் இருக்கற பக்கத்தையா குழந்தை வயித்துல வைப்பாங்க? குத்தாது அவளுக்கு? வழவழன்னு இருக்கற பக்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" தாழ்ப்பாள் சத்தம் கேட்டது என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. கட்டைவிரலால் தொப்புளைத் தொட்டாள், எடுத்தாள், குனிந்து பார்த்தாள். "கொஞ்சம் உள்ள போன மாதிரி இல்ல?" நானும் குனிந்தேன். எங்கள் இரண்டு தலையும் இடித்துக்கொண்டன. பட்டு சிரித்தாள், சிரித்ததும் அது கோலிக்குண்டு மாதிரி வெளியே வந்தது, சிரித்து முடித்ததும் உள்ளே போனது. போன வாரத்தைவிடக் கொஞ்சம் உள்ளே. போயிருக்கும். போயிருக்கிறது. கூடத்தில் இவர் போனில் யாரிடமோ, "பொத்தான் இல்லன்னு அவரே சொல்லிட்டாருப்பா, அவரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹேமா அந்த வேட்டித் துணியை எடுத்து உதறி மடித்துப் பார்த்தாள். முரட்டுத் துணி என்றாள், திங்கட்கிழமை தன்னுடைய மல் துப்பட்டாவைக் கொண்டுவருகிறாளாம். பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமாகிட்ட மொட்டைப் பக்கம் இருக்கற காசு வேற இருக்கான்னு மெதுவா கேளு, அக்கா."